கருங்கல்லிலிருந்து நாகர்கோவில்: காரை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் ஜங்ஷனிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே. வேலை நாகர்கோவிலில், ஒரு வழிக்கு 26 கிலோமீட்டர். 2018 மாடல் பெட்ரோல் கார், கடன் முடிந்துவிட்டது. பெட்ரோலுக்கு மட்டும் மாதம் 11,000 ரூபாய் போகிறது. விற்றுவிட்டு எலக்ட்ரிக் எடுக்கலாமா, சிஎன்ஜி, அதாவது கேஸ் கிட், போடலாமா, இல்லை பேசாமல் பஸ்ஸுக்கே போய்விடலாமா என்கிறீர்கள். கடைசியாக, கொஞ்சம் சலிப்போடு, "நம்ம மாவட்டத்துல கார் இல்லாம ஒரு குடும்பம் ஓட முடியுமா?" என்றும் ஒரு வரி. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. எந்த வண்டி வாங்கலாம் என்பது அதற்கு அப்புறம்தான்.

தக்கலைப் பக்கம் 31 வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட காலத்தில் தொடங்கி, இப்போது லேப்டாப்பைச் சொருகிப் பிழை பார்க்கிற காலம் வரைக்கும் வந்தாயிற்று. என்ஜின், பிரேக், மைலேஜ் பற்றி நான் சொல்வதை நம்பலாம். வரி, விலை பற்றிச் சொல்வது பேப்பர் படிக்கிற ஒரு மெக்கானிக் சொல்வது. பேட்டரி வண்டியில் நான் இன்னும் மாணவன்தான், அந்த இடம் வரும்போது திரும்பவும் ஞாபகப்படுத்துகிறேன்.

முதலில் விலை. "இறங்கும்போது பார்த்துக்கலாம்" என்று காத்திருக்கலாமா என்பது உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. காத்திருக்க வேண்டாம். பெட்ரோல் விலையை அரசு கட்டுப்பாட்டிலிருந்து 2010 ஜூனில் விட்டார்கள், டீசலை 2014 அக்டோபரில். 2017 ஜூன் முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்றார்கள். பெயருக்குத் தினசரி விலைதான், ஆனால் 2022 மே முதல் 2024 மார்ச் வரை கிட்டத்தட்ட இரண்டு வருடம் சென்னையில் 102 ரூபாய் 63 காசிலேயே நின்றது. அந்த இடைவெளியில் கச்சா எண்ணெய் ஏறவும் செய்தது, இறங்கவும் செய்தது. 2020ல் கொரோனா நேரத்தில் கச்சா விலை தரையைத் தொட்டபோது மத்திய அரசு கலால் வரியை மே மாதம் ஒரே அடியாக 10 ரூபாய் கூட்டியது. 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டினார்கள், பெட்ரோல் பங்கில் விலை மாறவில்லை. ஆக, உலகச் சந்தையில் இறங்கினால் நம் பையில் மிச்சமாகும் என்ற கணக்கு நம்மிடம் பல தடவை பலிக்கவில்லை. ஏறும்போது மட்டும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது. நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85க்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, டாலரில் வாங்க வேண்டும். ரூபாய் சரிந்தால் எண்ணெய் விலை அப்படியே நின்றாலும் நமக்குச் செலவு கூடும். அடுத்த வருடம் லிட்டர் என்ன விலை என்று உறுதியாகச் சொல்கிறவரிடம் நான் வண்டிகூடச் சர்வீஸுக்குக் கொடுக்க மாட்டேன்.

எல்லைப் பக்கம் இருப்பதால் நமக்கு ஒரு சின்ன அனுகூலம் உண்டு, நிறையப் பேர் அதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருவனந்தபுரம் போகிற வழியில், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளப் பாறசாலையில் அடித்தால் மலிவு என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பிறகு பெட்ரோலுக்கு மாநில அரசின் வாட் வரி 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். கேரளத்தில் 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அதன்மேல் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் என்ற கூடுதல் வரி. அதனால் எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறைவாகவே இருந்து வந்திருக்கிறது. கேரளப் பதிவு வண்டிகள் எல்லை தாண்டி வந்து நம் பங்குகளில் டேங்கை நிரப்பிப் போவதன் காரணம் அதுதான். இன்னொன்று: நம் வரியில் ஒரு பெரிய பங்கு நிலையான தொகை என்பதால், அடிப்படை விலை 10 ரூபாய் ஏறினால் மாநில வரி 1 ரூபாய் 30 காசுதான் கூடும். அந்தப் பக்கம் 3 ரூபாய்க்கு மேல் கூடும். ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் விலை பாதியாகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள். 2017ல் ஜிஎஸ்டி வந்தபோதே பெட்ரோலை வெளியே வைத்தார்கள், மத்திய அரசு, மாநில அரசு இரண்டுக்குமே அது கைவிட முடியாத வருமானம்.

சரி, இனி உங்கள் 11,000 ரூபாய். கணக்குக்கு லிட்டர் 102 என்று வைத்துக்கொள்கிறேன், உங்கள் பங்கில் இன்று என்ன போட்டிருக்கிறதோ அதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குப் போக வர 52 கிலோமீட்டர், மாதம் 24 நாள் என்றால் 1,248 கிலோமீட்டர். திங்கள்சந்தையில் காலை நெரிசல், அப்புறம் பார்வதிபுரம் வருகிற வரைக்கும் ஊர்வது எல்லாம் சேர்த்து உங்கள் வண்டி லிட்டருக்கு 16 கொடுக்கும். 78 லிட்டர், ஏறக்குறைய 8,000 ரூபாய். அப்படியானால் மீதி 3,000 ரூபாய் எங்கே? 29 லிட்டர் பெட்ரோல் அது. நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வேற எங்கயும் பெருசா போறதில்ல" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

இந்த "பெருசா போறதில்ல" என்பதை ஒர்க்‌ஷாப்பில் வாரம் ஒரு தடவையாவது கேட்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு டீச்சர் அம்மா வந்தார். புது வண்டி, லிட்டருக்கு 10தான் கொடுக்கிறது, கம்பெனி சர்வீஸில் இரண்டு தடவை காட்டியும் "எல்லாம் சரியாக இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள் என்று கோபத்தோடு வந்தார். நானும் பார்த்தேன். பிளக், ஃபில்டர், சென்சார் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, டாஷ்போர்டில் வைத்து, ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் எங்கே, எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் எழுதச் சொன்னேன். மாதம் கழித்துக் கொண்டுவந்தார். நீல மையில் கோடு போட்டு அழகாக எழுதியிருந்தார். மீன் சந்தை, 2. டியூஷன் விட, 3. டியூஷன் கூப்பிட, 3. கோவில், 1. தேங்காய் ஆட்டக் கொடுக்க, 2. ஆட்டிய எண்ணெய் எடுக்க, 2. அப்படி மாதத்தில் 94 தடவை ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார், அதில் 70க்கு மேல் 4 கிலோமீட்டருக்குக் கீழே. அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "கோவிலுக்கு நடந்தே போகலாமே" என்றார், எனக்குச் சொன்னது மாதிரி இல்லை.

இங்கே நடப்பது எளிமையான என்ஜின் விஷயம். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை விடும். எண்ணெய் கெட்டியாக இருக்கும், உராய்வு கூடுதல். சூடு ஏறி எல்லாம் சீராக வருவதற்குச் சில கிலோமீட்டர் ஆகும். நீங்கள் அதற்குள் மீன் சந்தையில் இறங்கி என்ஜினை அணைத்துவிடுவீர்கள். நம் ஊர் வழிகளில் முதல் கியர், இரண்டாம் கியர்தான், எதிரே ஒரு ஆட்டோ வந்தால் பின்னால் எடுத்து யாராவது வீட்டு நடைக்குள் ஏற்ற வேண்டும். ஹைவேயில் 18 கொடுக்கிற வண்டி இதில் 10 கொடுத்தால் அதிர்ஷ்டம். உங்கள் 29 லிட்டரும் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும்: ஏறக்குறைய 300 கிலோமீட்டர், நாளைக்கு 10. இது என் ஊகம்தான், நோட்டு எழுதினால்தான் உறுதியாகும். ஆனால் இந்த ஊகம் பெரும்பாலும் தவறியதில்லை.

அதே 300 கிலோமீட்டரை ஒரு சாதாரண பெட்ரோல் ஸ்கூட்டரில் ஓட்டினால் லிட்டருக்கு 45 என்று வைத்தாலும் 7 லிட்டர் போதும், 700 ரூபாய். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் என்றால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 30 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும். மாதம் 10 யூனிட், கரண்ட் பில்லில் தெரியவே தெரியாது. உங்களிடம் பழைய ஸ்கூட்டர் ஒன்று ஷெட்டில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதன் பேட்டரியை மாற்றி, டயரைப் பார்த்து, ரோட்டில் இறக்குங்கள். காரை விற்காமல், எதையும் வாங்காமல், மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் நிற்கும். ஆனால் இதில் ஒரு கழிவு உண்டு. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. ஜூனிலும் அடிக்கும், ஐப்பசியிலும் அடிக்கும். சென்னைக்காரர் எழுதுகிற ஸ்கூட்டர் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. வருடத்தில் இரண்டு மாதம் ஸ்கூட்டர் மூலையில்தான் நிற்கும் என்று கழித்துவிட்டே நான் மேலே சொன்னதைப் பாருங்கள். அப்போதும் லாபம்தான்.

அலுவலகப் பயணத்துக்கு வருவோம். பஸ் கட்டணம் கடைசியாகப் பெரிதாக ஏறியது 2018 ஜனவரியில். அன்றைக்குச் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 75 ரூபாயை ஒட்டி இருந்தது. பெட்ரோல் எங்கேயோ போய்விட்டது, சாதாரண வெளியூர் பஸ் கிலோமீட்டருக்கு 58 காசு என்று வைத்த கட்டணத்தில் 26 கிலோமீட்டருக்கு 15 ரூபாய் சில்லறைதான் வரும். எக்ஸ்பிரஸ் என்று போர்டு மாட்டியதில் ஏறினால் கொஞ்சம் கூடுதல். ஜங்ஷன் வரைக்கும் ஸ்கூட்டர், அங்கே நிறுத்தக் கொஞ்சம், நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ, எல்லாம் தாராளமாகப் போட்டாலும் நாளைக்கு 70 ரூபாய். காரில் அதே நாளுக்கு 330. வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் பஸ்ஸில் போனால், அதாவது மாதம் 12 நாள், 4,000 ரூபாய் பெட்ரோல் மிச்சம், 840 ரூபாய் செலவு. உங்கள் மனைவி தக்கலையில் வேலை பார்க்கிறார் என்றால் அவருக்கு அதுவும் வேண்டாம், 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவரை இறக்கிவிடுவதற்காகத் தக்கலை சுற்றிப் போகிற நாட்கள் இருந்தால் அந்தச் சுற்றே நின்றுவிடும்.

"பஸ் கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். காலை 7 மணிக்கும் எட்டரைக்கும் இடையில் கிடைக்கும், நின்றுகொண்டு போக வேண்டியிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு வடசேரியில் ஏறுவதற்குக் கொஞ்சம் தோள் பலம் வேண்டும். ராத்திரி எட்டரைக்கு மேல் உள்பகுதிகளுக்கு மெலிந்துவிடும், மினி பஸ் அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். எனவே ஆபீஸில் தாமதமாகும் என்று முன்கூட்டியே தெரிகிற நாட்களைக் காருக்கு வையுங்கள். எல்லா நாளும் பஸ்ஸில்தான் என்று சபதம் எடுத்து வந்தவர்கள் இரண்டாவது வாரம் மழையில் நனைந்ததும் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாள்காரர்கள் வருடக்கணக்காகத் தொடர்கிறார்கள். ரயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1979ல் வந்த திருவனந்தபுரம் பாதை இரணியல், பள்ளியாடி, குழித்துறை வழியாகப் போகிறது, திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு அது உயிர். ஆனால் உங்களுக்கு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேருவதும், நாகர்கோவிலில் கோட்டார் பக்கம் இறங்கி ஆபீஸ் போவதும் சேர்த்தால் பஸ்ஸே தேவலை.

இப்போது அந்தக் கடைசி வரி. கார் இல்லாமல் முடியுமா? நம் மாவட்டம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1938லேயே அரசு பஸ் ஓடியது. அப்புறம் தலைவர் நேசமணி பெயரில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு போக்குவரத்துக் கழகம் இருந்தது. பஸ்ஸில் குறைந்த ஊர் இல்லை இது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், மாநில சராசரி 555. இவ்வளவு நெருக்கமாக ஆள் இருந்தால் பஸ் நன்றாக ஓட வேண்டும், இல்லையா? சிக்கல் வீடுகள் நிற்கிற விதத்தில். வேறு மாவட்டத்தில் ஊர் என்றால் தெருவாகக் கூடி இருக்கும், வெளியே வயல். பஸ் ஊர் முகப்பில் நின்றால் எல்லோருக்கும் அது பஸ் ஸ்டாப். நமக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு வீடும் அதனதன் புரையிடத்தில், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்தில், தென்னைக்கும் பலாவுக்கும் நடுவில். ஒரு விளை முடிந்து அடுத்த விளை. ஜங்ஷனில் இறங்கி அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர், உங்களைப் போல 2 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். முன்பு நடந்தோம். அப்புறம் வளைகுடாக் காசு வந்தது, வழியில் கான்கிரீட் போட்டார்கள், ஒவ்வொரு நடையிலும் கார் வந்தது. கார் வந்ததும் அந்த வழியில் நடப்பவர் குறைந்தார், நாய் கூடியது, சாயங்காலத்துக்கு மேல் பிள்ளைகளை நடக்க விட யோசிக்கிறோம், அதனால் இன்னும் ஒரு கார். உங்கள் கார் அடிமைத்தனம் 26 கிலோமீட்டரில் இல்லை, அந்த 2 கிலோமீட்டரில் இருக்கிறது. அந்த 2 கிலோமீட்டருக்கு ஒரு வழி பண்ணினால் மிச்ச 24க்கு பஸ் இருக்கிறது. எல்லா வேலைக்கும் இது ஒத்துவராது என்பதும் எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு நடையில் ஒரு கார் நிற்பது நிம்மதி. கல்யாணம், அடியந்திரம் என்று குடும்பத்தோடு போக வேண்டியிருக்கும். எனவே காரை விற்காதீர்கள் என்றே சொல்வேன். தினமும் அதை எடுக்கிற பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

விற்க வேண்டாம் என்பதற்குக் கணக்குக் காரணமும் இருக்கிறது. வண்டியின் மதிப்பு விழுவது முதல் ஐந்தாறு வருடத்தில்தான் அதிகம், அந்த நஷ்டத்தை நீங்கள் ஏற்கெனவே பட்டுவிட்டீர்கள். இப்போது விற்று எலக்ட்ரிக் கார் எடுக்க 10 லட்சம் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் 20,750 ரூபாய் இஎம்ஐ. உங்கள் மொத்த பெட்ரோல் செலவே 11,000. எலக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் மாதம் 220 யூனிட், இரண்டு மாத பில்லில் 440 கூடும். நம் வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட் என்பது ஒரு வேலி. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் இல்லை, 101வது யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணைக்குப் போய்விடும். ஏற்கெனவே ஏசி ஓடுகிற வீட்டுக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம். அப்படியே பார்த்தாலும் ஓடும் செலவு பெட்ரோலில் கால்வாசிதான் வரும், அதில் சந்தேகமில்லை. அடுத்த வண்டி எப்படியும் வாங்கியே ஆக வேண்டிய நாள் வரும்போது எலக்ட்ரிக்கை முதலில் பாருங்கள். பெட்ரோலைச் சேமிப்பதற்காக ஓடுகிற வண்டியை விற்று அதை வாங்காதீர்கள், அவ்வளவுதான். நம் கடற்காற்றில் பத்து வருடம் நின்ற பேட்டரி எப்படி இருக்கும் என்பதில் நான் கருத்துச் சொல்ல மாட்டேன், அந்த வயதுள்ள வண்டி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரம் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் ஒரு ஓரத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு எலக்ட்ரிக், ஒரு பெட்ரோல் என்று இருப்பது நம் ஊருக்குப் பொருத்தம்.

சிஎன்ஜி பற்றிச் சுருக்கமாக. நல்ல கிட் போட 60, 70 ஆயிரம் ஆகும். கிலோ 90 ரூபாய் என்றும் கிலோவுக்கு 24 கிலோமீட்டர் என்றும் வைத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 75 காசு, பெட்ரோலில் 6 ரூபாய் 40 காசு. உங்கள் அலுவலக ஓட்டத்தை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் வருடத்தில் போட்ட பணம் திரும்பும். ஆனால் மூன்று நாள் பஸ் என்று முடிவு செய்தால் ஓட்டம் பாதியாகும், பணம் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆகும், அப்போது வேண்டாம். போடுவதானால் ஆர்சியில், அதாவது வண்டிப் பதிவுச் சான்றில், ஏற்றி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்து, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சிலிண்டரை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். ஆர்சியில் ஏற்றாமல் போட்டுத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். டிக்கி போய்விடும் என்பது இன்னொரு சங்கடம், செவ்வாழைக் குலையை மடியில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். உங்கள் வழியில் கேஸ் அடிக்கிற பங்க் இருக்கிறதா, காலையில் அங்கே எத்தனை ஆட்டோ வரிசையில் நிற்கிறது என்று ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதில் உறுதியானது ஒன்று, சந்தேகமானது ஒன்று. உறுதியானது: எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறைகிறது. உங்கள் 2018 வண்டி அதற்கென்று வடிவமைத்தது இல்லை, 16 கொடுத்த இடத்தில் 15 கொடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 16 கொடுத்தது 12 ஆனால் அது எத்தனால் இல்லை, வேறு கோளாறு. சந்தேகமானது: ரப்பர் ஹோஸ், பம்ப் எல்லாம் கெட்டுப்போகும் என்ற பேச்சு. கெட்டுப்போன ஹோஸ்களைக் கழற்றியிருக்கிறேன், ஆனால் ஏழெட்டு வருடம் என்ஜின் சூட்டில் கிடந்த ஹோஸ் வயதால் போனதா, எத்தனாலால் போனதா என்று கையில் வைத்துப் பார்த்துப் பிரிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: எத்தனால் ஈரத்தை இழுக்கும். வளைகுடாவில் இருப்பவர்கள் வருடத்தில் பத்து மாதம் ஷெட்டில் போட்டுவிட்டுப் போகிற வண்டிகளில் டேங்க் காலியாகக் கிடந்து தண்ணீர் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சில்லறை விஷயங்களில் சிலதை மறந்துவிடலாம். விடிகாலையில் அடித்தால் பெட்ரோல் கூடுதல் கிடைக்கும் என்பது கதை, டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது, சூடு அவ்வளவு மாறாது. 100க்குப் பதில் 110க்கு அடித்தால் ஏமாற்ற முடியாது என்பதும் கதை. மைலேஜ் கூட்டும் என்று பாட்டிலில் விற்பதை நானே ஒரு காலத்தில் நம்பி வாங்கி வைத்தேன், அட்டைப்பெட்டி கரையான் அரிக்கும் வரை கிடந்தது. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது இப்போதைய வண்டிகளில் வீண்: கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுக்க நிறுத்திவிடும், நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும், பிரேக்குக்கும் துணை இருக்காது. டயரில் காற்று குறையாமல் பார்ப்பது உண்மையிலேயே உதவும், கொஞ்சம்தான். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்களை ஏற்றிப் பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொள்வது நல்ல யோசனை, திங்கள்சந்தையில் இருவர் ஏறினாலே செலவு மூன்றில் ஒன்றாகும். ஆனால் தெரியாத ஆட்களை ஏற்றித் தலைக்கு இவ்வளவு என்று வாங்க ஆரம்பித்தால் அது வாடகை வண்டி, வெள்ளை போர்டில் செய்யக் கூடாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும்.

கடற்கரைப் பக்க வண்டிகளில் நான் அடிக்கடி பார்க்கிற ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கருங்கல் கடலிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை, உப்புக்காற்று வரும். ஹேண்ட் பிரேக் கேபிளும் பிரேக் பிஸ்டனும் துருப்பிடித்து, பிரேக்கை விட்ட பிறகும் வீலை லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது, வண்டி கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதிப்பார். குளச்சல்காரர் ஒருவர் வண்டி 17லிருந்து 12க்கு வந்து, பெட்ரோலில் கலப்படம் என்று பங்கில் சண்டை போட்டுவிட்டு என்னிடம் வந்தார். பின்பக்க இடது வீலுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போனதுமே அனல் அடித்தது. டிரம்மைக் கழற்றியபோது லைனிங் கருகி, உள்ளே சிவப்புத் துரு மாவு மாதிரிக் கொட்டியது. கேபிள் மாற்றி, சுத்தம் பண்ணி, கிரீஸ் வைக்க 1,800 ரூபாய்தான் ஆனது.

எனவே நாளை ஆபீஸிலிருந்து வீடு வந்து நிறுத்தியதும் நாலு வீலையும் சுற்றி வந்து, தொடாமல் கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் இரண்டும் ஒரே மாதிரிச் சூடாக இருப்பது சரி. பின்பக்கம் ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் எந்த ஒர்க்‌ஷாப்பிலாவது காட்டுங்கள். அப்புறம் டேங்கை வாய் வரைக்கும் நிரப்பி, மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த தடவை அதே பங்கில் நிரப்பும்போது போன லிட்டரால் ஓடிய கிலோமீட்டரை வகுங்கள், டாஷ்போர்டு காட்டுகிற மைலேஜ் எப்போதும் கொஞ்சம் ஆசை காட்டும். ஒரு மாதம் நோட்டு எழுதிவிட்டு, ஸ்டார்ட் பண்ணிய தடவை எத்தனை, அதில் 4 கிலோமீட்டருக்குக் கீழே எத்தனை என்ற இரண்டு எண்ணை மட்டும் எனக்குச் சொல்லுங்கள், சிஎன்ஜி வேண்டுமா வேண்டாமா என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம்.